பாண்டிச்சேரியில் இருபத்தைந்து 'பார்'!

"ஒன்பது மாசமா இருபத்தைஞ்சு பாரைத் தாண்ட முடியாம திண்டாடிக்கிட்டு இருக்கேன் சார்!"

பாண்டிச்சேரிக்காரன் ஒருத்தன் இப்படிச் சொன்னால் கேட்கிறவர் என்ன நினைப்பார்? எங்கள் ஹெட்கிளார்க்கும் அதையேதான் நினைத்தார். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "வயசுப் பையன்... கல்யாணம் வேற ஆகலை. லிவர் போனா திரும்ப வராதுப்பா. என் மச்சானுக்கும் இப்படித்தான்..." என்று ஆரம்பித்துவிட்டார். மச்சான் கதை முடிவதற்குள் லஞ்ச் டைம் வந்துவிட்டது. அதற்கப்புறம்தான் நான் வாயைத் திறக்க முடிந்தது.

"சார், நான் சொன்னது பியானோ!"

"அது எந்தக் கம்பெனி சரக்கு?" என்றார்.

விஷயம் இதுதான். மேல்நாட்டு சங்கீதத்தை நோட்டில் எழுதும்போது, குறுக்கே கோடு போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்து எழுதுகிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் 'பார்' என்று பெயர். நம் தாளத்தில் ஒரு ஆவர்த்தனம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். நான் கற்றுக்கொள்ளக் கிளம்பியது ஷோப்பேன் என்பவர் எழுதிய ஒரு குட்டி உருப்படி. மொத்தமே இருபத்தைந்து பார். வாசித்தால் சுமார் இரண்டு நிமிஷம். பஸ் ஸ்டாண்டில் நின்றபடி ஒரு டீ குடிப்பதற்குள் முடிந்துவிடும். அதற்குத்தான் எனக்கு ஒன்பது மாசம்!

"இந்நேரம் கல்யாணம் பண்ணியிருந்தா புள்ளையே பொறந்திருக்கும்டா" என்பது என் அம்மாவின் கணக்கு.

கரண்ட் பில்லில் வந்த சங்கீதம்

தட்டாஞ்சாவடியில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன் நான். வயசு முப்பத்தொன்று. முத்தியால்பேட்டையில் அம்மாவோடு மாடி போர்ஷனில் வாசம். எனக்கும் சங்கீதத்துக்கும் உள்ள சம்பந்தம் டவுன் பஸ்ஸில் ஓடுகிற இளையராஜா பாட்டோடு சரி.

2024 பொங்கல் முடிந்த வாரம். தெரிந்தவர் ஒருவர் சொல்லி, வெள்ளைக்காரத் தெருப் பக்கம் ஒரு வயசான அம்மாவின் வீட்டுக்குப் போனேன். கரண்ட் மீட்டர் இன்னும் காலஞ்சென்ற கணவர் பேரிலேயே இருந்தது. பெயர் மாற்ற வேண்டும். கணவர் 'சொல்தா'. வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு, பிரான்சிலிருந்து பென்ஷன் வாங்குகிற நம் ஊர்த் தமிழர்களுக்குப் பாண்டிச்சேரியில் சொல்தா என்று பெயர். பட்டாளத்துக்காரர் என்பதற்கான பிரெஞ்சு வார்த்தை நம் நாக்கில் அப்படி ஆகிவிட்டது. இந்த சொல்தா அல்ஜீரியா வரை போய்த் திரும்பியவராம். அந்த அம்மாளைத் தெருவில் எல்லோரும் 'மதாம்' என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். எண்பதைத் தாண்டிய வயசு. பருத்திச் சேலை, கழுத்தில் சின்னச் சிலுவை, முதுகு மட்டும் ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இருக்கும்.

மூன்று தடவை அலைந்து பெயரை மாற்றிக் கொடுத்தேன். மதாம் ஒரு கவரை நீட்டினார்.

"வேணாம் மதாம்" என்றேன். (கவர் கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது. இந்த விவரம் அம்மாவுக்குத் தெரியாது. தயவுசெய்து நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.)

"சும்மா வேலை வாங்கறது எனக்குப் பழக்கமில்ல தம்பி. வேற என்ன வேணும், சொல்லு."

கூடத்து மூலையில் லேஸ் துணி போர்த்தி, மேலே போட்டோக்களைச் சுமந்துகொண்டு ஒரு பியானோ நின்றது. பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் பங்களா ஹாலில் கோட்டு சூட்டோடு ஹீரோ உட்கார்ந்து விரலை இப்படியும் அப்படியும் ஓட்டுவாரே, அதை நேரில் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை.

"அதை ஒரு தடவை தொட்டுப் பார்க்கலாமா மதாம்?"

அவ்வளவுதான் கேட்டேன். வினை அங்கே ஆரம்பித்தது!

1954ல் வந்த பெட்டி

1954 நவம்பர் 1ம் தேதி பாண்டிச்சேரி நிர்வாகம் பிரெஞ்சுக்காரர்கள் கையிலிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. (சட்டப்படி முழுசாக நம்முடையது ஆனது 1962 ஆகஸ்ட் 16ல்.) அப்போது ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரக் குடும்பம், தூக்கிக்கொண்டு போக முடியாததையெல்லாம் விற்றது. பிரெஞ்சு சர்க்காரில் உத்தியோகம் பார்த்த மதாமின் அப்பா, அலமாரி வாங்கப் போன இடத்தில் பியானோவை வாங்கி வந்துவிட்டாராம். மதாமுக்கு அப்போது பதினொரு வயசு. கான்வென்ட்டில் ஒரு கன்னியாஸ்திரி கற்றுக்கொடுத்தார்.

பியானோவில் மொத்தம் 88 கட்டை. வெள்ளை 52, கறுப்பு 36. கட்டையை அமுக்கினால் உள்ளே கம்பளி சுற்றிய ஒரு குட்டிச் சுத்தியல் போய்த் தந்தியை அடித்துவிட்டு, உடனே விலகிவிடும். தந்திகள் மட்டும் சுமார் 230. கடற்கரை ஊரில் இதை வைத்துக் காப்பாற்றுவது லேசான காரியமில்லை. உப்புக் காற்றில் தந்தி துருப் பிடிக்கும். ஈரத்தில் மரம் உப்பிக் கட்டை ஒட்டிக்கொள்ளும். மதாம் பியானோவுக்குள் ஒரு சின்ன பல்பை எரியவிட்டிருந்தார், ஈரம் ஏறாமல் இருக்க. கோழிக் குஞ்சுக்கு வைப்பார்களே, அது மாதிரி! சுருதி சேர்க்க மெட்ராஸிலிருந்து ஆள் வர வேண்டும்.

"என்ன வாசிக்கணும் உனக்கு?" என்றார் மதாம்.

"ஏதாவது ஈஸியா... சின்னதா..."

மதாம் உட்கார்ந்தார். வாசித்தார். எனக்கு அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. வலது கை கிட்டத்தட்ட ஒன்றுமே செய்யவில்லை. ஒரு ஸ்வரத்தில் போய் உட்கார்ந்தது. பக்கத்து ஸ்வரத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்து அங்கேயே உட்கார்ந்தது. வெளியே போன யாருக்கோ காத்திருக்கிற மாதிரி. கீழே இடது கை மட்டும் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டே போயிற்று. நடுவில் ஒரு இடத்தில் திடீரென்று பொங்கியது. அப்புறம் அடங்கியது. முடிந்துவிட்டது.

தெருவில் ஒரு ஸ்கூட்டர் போகிற சத்தம் கேட்டபோதுதான், இவ்வளவு நேரம் தெருவே என் காதில் விழவில்லை என்பது தெரிந்தது.

"இருக்கறதுலயே சின்னதுல இதுவும் ஒண்ணு. ஈஸின்னு மட்டும் சொல்லாத" என்றார் மதாம்.

யார் இந்த ஷோப்பேன்?

பிறந்தது 1810ல், போலந்தில். அம்மா போலந்துக்காரி, அப்பா பிரான்சிலிருந்து பிழைக்கப் போனவர். பின்னாளில் வாழ்ந்ததும் செத்ததும் பாரிஸில். (பாதி பிரெஞ்சு என்பதால் பாண்டிச்சேரிக்கு ஒருவகையில் சொந்தம் என்று நான் உரிமை கொண்டாடுவதுண்டு!) பெரிய வித்வானாக இருந்தும், கூட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்தால் அவருக்கு உதறல். வாழ்நாள் முழுக்க சுமார் முப்பது பொதுக் கச்சேரிதான் செய்திருக்கிறார். பிழைப்பு நடந்தது பெரும்பாலும் டியூஷன் எடுத்து!

1838ல் குளிர்காலத்தைக் கழிக்க மஜோர்க்கா தீவுக்குப் போனார். கூடப் போனவர் ஜார்ஜ் சாண்ட். பெயரைப் பார்த்து ஆம்பளை என்று நினைத்துவிடாதீர்கள். ஆண் பெயரில் எழுதிய பிரெஞ்சு நாவலாசிரியை. போன இடத்தில் மழை, இருமல், காச நோய். ஒரு பழைய மடாலயத்தில் அறை எடுத்துத் தங்கினார்கள். பாரிஸிலிருந்து ப்ளேயெல் கம்பெனியின் பியானோ கப்பலில் வந்து சேர்ந்தது. ஆனால் கைக்கு வரவில்லை. ஏன்? சுங்க இலாகா! வாரக்கணக்கில் துறைமுகத்தில் நிறுத்திவைத்துப் பேரம் நடந்திருக்கிறது. 1839 ஜனவரியில்தான் விட்டார்கள். ஃபைல் நகர்வது எந்தக் காலத்திலும் எந்த நாட்டிலும் ஒரே வேகத்தில்தான் போலிருக்கிறது.

அந்தத் தீவில் அவர் முடித்துக் கொடுத்தது 'ப்ரெலூட்' என்ற 24 குட்டி உருப்படிகள். 1839ல் அச்சில் வந்தன. அதில் நாலாவதுதான் நம்ம ஆள்.

1849ல், முப்பத்தொன்பது வயசில், ஷோப்பேன் இறந்துபோனார். பாரிஸில் மத்லேன் தேவாலயத்தில் நடந்த இறுதிச் சடங்கில் இதே நாலாவது ப்ரெலூடை ஆர்கனில் வாசித்தார்கள். உடல் பாரிஸில் அடக்கமாயிற்று. இதயத்தை மட்டும் அவருடைய அக்கா வார்சாவுக்கு எடுத்துக்கொண்டு போனார். இன்றைக்கும் அங்கே ஒரு தேவாலயத்தின் தூணுக்குள் இருக்கிறது.

இவ்வளவு சங்கதி உள்ள ஆளின் பாட்டை, கணக்குப்பிள்ளை ஒருத்தன் கரண்ட் பில் மாற்றிக் கொடுத்த தைரியத்தில் வாசிக்க உட்கார்ந்தான்.

மானேஜரும் குமாஸ்தாவும்

முதல் பாடத்தில் மதாம் பாட்டுப் பக்கமே போகவில்லை. ஐந்து விரலையும் கட்டை மேல் வைக்கச் சொன்னார். பெருவிரலும் சுண்டுவிரலும் வெள்ளைக் கட்டையில். நீளமான நடு மூன்று விரலும் கறுப்பில். கை தானாக ஒரு குடை மாதிரி வளைந்து உட்கார்ந்தது. ஷோப்பேனும் தன் மாணவர்களை இப்படித்தான் ஆரம்பிக்கச் சொல்வாராம். கையின் இயற்கையான அமைப்புக்கு எது வசதியோ, அங்கே தொடங்கு என்பது அவர் கட்சி.

பிறகு பாட்டு. மதாம் கற்றது பிரெஞ்சு முறை. அதில் ஸ்வரங்களுக்குப் பெயர் தோ, ரே, மி, ஃபா, சோல், லா, சி. என் வலது கைக்கு வந்த முதல் வரி 'சி... தோ... சி... தோ...' மதாம் பாடிக் காட்டியபோது எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. நாயை விரட்டுகிறாரா, கூப்பிடுகிறாரா? அந்த வீட்டு நாய்க்கும் அதே குழப்பம். வாசலில் இருந்து எழுந்து வந்து, ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது.

வலது கை இரண்டே வாரத்தில் வந்துவிட்டது. 'இவ்வளவுதானா?' என்று ஆபீஸில் மேஜையில் தாளம் தட்டிக்கொண்டு திரிந்தேன். இடது கை வந்தபோதுதான் தெரிந்தது, இவ்வளவு நாள் நான் வாசித்தது பாட்டே இல்லை என்று.

இடது கைக்கு என்ன வேலை தெரியுமா? மூன்று விரலால் மூன்று கட்டையை ஒரே சமயத்தில் அமுக்க வேண்டும். ஒரு பாருக்கு எட்டு தடவை. அடுத்த பாரிலும் எட்டு. நடுவில் ஒரு விரல் மட்டும், சில சமயம் இரண்டு விரல், பக்கத்துக் கட்டைக்கு அரைப் படி இறங்கும். மற்ற விரல் அசையக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு விரல் இறங்கும். மேலே வலது கை அதே 'சி'யில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். ஆனால் கீழே தரை இறங்க இறங்க, மேலே இருக்கிற அதே ஸ்வரத்துக்கு முகம் மாறிக்கொண்டே வரும். ஒரு தடவை கேள்வி மாதிரி, ஒரு தடவை கெஞ்சல் மாதிரி, ஒரு தடவை 'சரி, போகட்டும்' என்று விட்டுவிட்ட மாதிரி.

எனக்கு உடனே எங்கள் ஆபீஸ் ஞாபகம் வந்தது. வலது கை மானேஜர். கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பார், நாலு தடவை தலையாட்டுவார், பெயரெல்லாம் அவருக்கு. இடது கைதான் குமாஸ்தா! காலையிலிருந்து சாயங்காலம் வரை அதே வேலையை எட்டு எட்டாகச் செய்துகொண்டிருப்பான். எவன் கண்ணிலும் பட மாட்டான். ஆனால் அவன் ஒரு விரலைத் தப்பாக வைத்துவிட்டால் மானேஜரின் முகமே மாறிவிடும்!

மதாமிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "அப்ப உனக்கு இது சீக்கிரம் வந்துரும் தம்பி. ஆனா ஒண்ணு, குமாஸ்தா சத்தம் போடக் கூடாது."

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். மெதுவாக அமுக்கினால் மூன்றில் ஒரு கட்டை பேசவில்லை. பலமாக அமுக்கினால் மாடு லாடம் கட்டி நடக்கிற மாதிரி இருந்தது. இத்தாலி மொழியில் 'பியானோ' என்ற வார்த்தைக்கே 'மெதுவாக' என்றுதான் அர்த்தமாம். 1700 வாக்கில் கிறிஸ்தோஃபோரி என்ற இத்தாலிக்காரர் இதைக் கண்டுபிடித்த காரணமே, மெதுவாகவும் பலமாகவும் வாசிக்க ஒரு வாத்தியம் வேண்டும் என்பதுதான். பலமாக வாசிக்க எனக்கு ஒரே நாள் போதுமாக இருந்தது. மெதுவாக வாசிக்கத்தான் மிச்சம் எட்டு மாசம்.

நம்ம ஊரில் ஏன் ஒட்டவில்லை?

ஒரு சந்தேகம் எனக்கு ரொம்ப நாளாக. வயலினும் வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதான். இருநூறு வருஷத்துக்கு முன் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்றுக்கொண்டார். இன்றைக்கு வயலின் இல்லாமல் கர்நாடகக் கச்சேரியே இல்லை. பியானோ மட்டும் ஏன் பங்களாவைத் தாண்டி வரவில்லை?

விலையும் கனமும் ஒரு காரணம். முக்கியமான காரணம் கமகம். நம் ராகத்தின் உயிரே, ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போவதிலும், நின்ற இடத்தில் அசைவதிலும் இருக்கிறது. வயலின் தந்தியில் விரலை இழுக்கலாம். பியானோவில் கட்டைக்குக் கட்டை சுவர்! ஹார்மோனியத்துக்கும் இதே குற்றச்சாட்டுதான். 1940ல் அகில இந்திய வானொலி அதற்குத் தடையே போட்டது.

ஆனால் இடது கை பழகப் பழக எனக்கு ஒன்று புரிந்தது. நாம் ஸ்வரத்தை அசைத்து அதற்கு உயிர் கொடுக்கிறோம். ஷோப்பேன் ஸ்வரத்தைத் தொடவே இல்லை. அது நிற்கிற தரையை அசைக்கிறார். இரண்டும் இரண்டு வழி. தினமும் ரோமன் ரோலண்ட் வீதி வழியாக சைக்கிளில் போகும்போது இதைப் பற்றித்தான் யோசனை. 1915ம் வருஷத்து நோபல் பரிசு பெற்ற அந்த ரோமன் ரோலண்ட், பீத்தோவனைப் பற்றிப் புத்தகம் எழுதிய சங்கீத ஆராய்ச்சிக்காரர் என்பதும் எனக்கு அப்போதுதான் தெரியும். முப்பது வருஷமாக அந்தத் தெருவில் போய் வந்திருக்கிறேன், தெருப் பெயர்ப் பலகையைத் தவிர வேறொன்றும் தெரியாமல்!

'பாட்டு இன்னும் ஆரம்பிக்கலையா?'

வீட்டில் பழக, அரை மாசச் சம்பளத்தைக் கொடுத்து செகண்ட் ஹேண்டில் ஒரு கீபோர்டு வாங்கினேன். அம்மா அதை அயர்ன் டேபிள் என்று நினைத்து முதலில் சந்தோஷப்பட்டாள்.

சாதகத்துக்கு மதாம் போட்ட சட்டம் நாலே நாலு. ஒன்று, தினமும் பதினைந்து நிமிஷம். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக இரண்டு மணி நேரம் என்பது செல்லாது. இரண்டு, இரண்டு கையையும் தனித்தனியாகப் பழகாமல் சேர்க்கக் கூடாது. மூன்று, நாலு நாலு பாராகப் பழகு. கடைசி நாலில் ஆரம்பித்துப் பின்னாலிருந்து முன்னால் வா. (இதில் ஒரு சூட்சுமம். வாசிக்க வாசிக்கத் தெரிந்த இடத்துக்கு வந்து சேருவதால் பயம் குறைகிறது.) நாலு, தப்பே வராத வேகம் எதுவோ அதுதான் உன் வேகம், அது ஆமை வேகமாக இருந்தாலும் சரி.

இன்னொரு அதிசயம். ராத்திரி எவ்வளவு முட்டினாலும் வராத இடம், மறுநாள் காலையில் பல் தேய்த்துவிட்டு உட்கார்ந்தால் வந்துவிடும். விரல் படித்த பாடத்தை மூளை தூக்கத்தில்தான் கெட்டிப்படுத்துகிறது என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். ஆபீஸில் தூங்குகிற நண்பர்கள் இதை மேற்கோள் காட்டினால் நான் பொறுப்பல்ல!

ஆறாவது மாசம் பெண் வீட்டார் வந்தார்கள். பஜ்ஜி சொஜ்ஜி எல்லாம் முடிந்தது. பெண்ணின் அப்பா, "மாப்பிள்ளை ஏதோ வாசிக்கிறாராமே?" என்றார். ஒரு காலத்தில் பெண்ணைப் பாடச் சொல்வார்கள். காலம் மாறிவிட்டது பாருங்கள்! உட்கார்ந்தேன். சி... தோ... சி... தோ... கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்தேன். மூன்றாவது பாரில் அவர் என் அம்மா பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்: "பாட்டு இன்னும் ஆரம்பிக்கலையா?"

அந்த இடம் தகையவில்லை.

அம்மா அன்று ராத்திரி ஒன்றும் சொல்லவில்லை. படுக்கப் போகும்போது மட்டும், "ஒரே இடத்துல நின்னுக்கிட்டு அழுவுது. அதுக்கு என்னதான்டா கஷ்டம்?" என்று கேட்டாள். பாட்டைக் கேட்டிருக்கிறாள்!

இஞ்ச் டேப்போடு அலைந்தேன்

செப்டம்பரில் ஒருநாள் மதாம் வீட்டுக் கூடத்தில் அலமாரிகளைக் காணோம். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

"பையன் பாரிஸுக்குக் கூப்பிடறான் தம்பி. போன மாசம் குளிக்கற இடத்துல விழுந்துட்டேன். இனிமே தனியா இருக்க விட மாட்டானாம். வீட்டைக் கொடுத்தாச்சு. ஓட்டல் வருதாம்."

வெள்ளைக்காரத் தெருவில் வீடுகள் ஒவ்வொன்றாக ஓட்டலாகிக்கொண்டிருப்பது ஊருக்கே தெரிந்ததுதான். ஆனால் அது நாம் வாரம் இரண்டு தடவை செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிற வீடாக இருந்தால் வேறு மாதிரி இருக்கிறது. எழுபது வருஷம் அந்த அம்மாள் அதே ஸ்டூலில், அதே ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். கொடி மாறியது, நாணயம் மாறியது, தெருப் பெயர்கள் மாறின.

"பியானோவை நீ எடுத்துக்கோ" என்றார்.

தூக்கமே வரவில்லை. மறுநாள் இஞ்ச் டேப்போடு அலைந்தேன். பியானோ குறுக்கே ஐந்தடி, ஆழம் இரண்டடி, கனம் கிட்டத்தட்ட கால் டன். எங்கள் மாடிப்படி இரண்டரை அடி அகலம், அதிலும் பாதியில் ஒரு திருப்பம். ஆள் சவத்தையே அந்தப் படியில் நிமிர்த்தித்தான் இறக்க வேண்டும் என்று அம்மா அடிக்கடி சொல்வாள். ஜன்னலைப் பெயர்த்துக் கயிறு கட்டி ஏற்றலாமா என்று கேட்டேன். வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில், போர்ஷனையே காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்று பயந்துவிட்டேன். அப்படியே ஏற்றினாலும், தளம் தாங்குமா? மெட்ராஸிலிருந்து சுருதி சேர்க்க வருகிறவருக்குக் கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது? கணக்கெழுதுகிறவன் இல்லையா? எல்லாக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் போய், "முடியாது மதாம்" என்றேன். என் சர்வீஸில் நான் எழுதியதிலேயே மோசமான கணக்கு அதுதான்.

மதாம் தலையாட்டினார். லாசுப்பேட்டையில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிற ஒரு டீச்சருக்குப் பேசி முடித்தார்கள். "பசங்க கை படட்டும். பூட்டி வெச்சாத்தான் இது செத்துப்போகும்" என்றார்.

வண்டி வரப்போவது அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை. எனக்குக் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமை. இருபத்தைந்து பாரையும் ஒரு தடவைகூட நிற்காமல் நான் அதுவரை வாசித்ததில்லை.

கடைசி மூன்று

கூடம் காலி. பியானோ, ஸ்டூல், மதாமுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. காலி வீட்டில் சின்னச் சத்தம்கூடப் பெரிசாகக் கேட்டது.

"தப்பு வந்தா நிக்காத. குமாஸ்தா வேலைய பார்த்துக்கிட்டே இருக்கட்டும்" என்றார் மதாம்.

ஆரம்பித்தேன். சி... தோ... சி... தோ... நாலாவது பாரில் ஒரு விரல் சறுக்கியது. இடது கை நிற்கவில்லை. பன்னிரண்டாவதில் வலது கை சின்னதாக ஒரு சுற்றுச் சுற்றி, திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கும், தாண்டினேன். பதினாறு, பதினேழில் பொங்க வேண்டும். அதுவரை அடக்கி வைத்ததெல்லாம் அங்கேதான் வெடிக்கும். அந்த இடத்தில் இரண்டு ஸ்வரம் தப்பு, நன்றாகவே கேட்டது. நிற்கவில்லை. இறங்கினேன். மெதுவாக, இன்னும் மெதுவாக.

இருபத்துமூன்றாவது பாரில் ஒரு அடி வைத்துவிட்டு நிறுத்த வேண்டும். அங்கே நோட்டில் புருவம் மாதிரி ஒரு வளைவும் அதன் கீழே ஒரு புள்ளியும் இருக்கும். 'உனக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் சும்மா இரு' என்று அர்த்தம். ஒன்பது மாசமும் நான் அங்கே மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவேன். மதாம் கண்டுபிடித்துவிடுவார். "எண்ணாத. கேளு" என்பார். என்ன கேட்க, அங்கேதான் ஒன்றும் இல்லையே என்று நினைப்பேன்.

அன்றைக்கு எண்ணவில்லை. தெருவில் மீன்காரம்மா கூவிக்கொண்டு போனாள். பியானோவுக்குள் தந்தி அடங்குகிற சத்தம் கேட்டது. பின்னால் மதாம் மூச்சு விடுவது கேட்டது.

பிறகு கடைசி மூன்று அடி. மெதுவாக. மூன்று கட்டையும் மூன்று தடவையும் பேசின.

திரும்பிப் பார்த்தேன். பாராட்டை எதிர்பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மதாம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மூணாவது பார்ல நாலாவது விரல் போடற. அஞ்சாவது போடணும்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

"சரி மதாம்."

"ஸ்வரம் எல்லாம் வந்துருச்சு. இனிமேதான் கத்துக்க ஆரம்பிக்கணும்."

போகும்போது தன் நோட்டுப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார். அட்டை பிய்ந்து, நூல் தெரிகிற புத்தகம். நாலாவது ப்ரெலூட் பக்கத்தில், எந்த ஸ்வரத்துக்கு எந்த விரல் என்று பென்சிலில் எண் போட்டிருந்தது. கன்னியாஸ்திரியின் கையெழுத்து ஒன்று, பதினொரு வயசுச் சிறுமியின் கையெழுத்து ஒன்று. மூன்றாவது பாரில் பெரிதாக '5'. சுற்றி வட்டம் வேறு போட்டிருந்தது. மதாமும் அங்கே தப்பு செய்திருக்கிறார்!

இப்போதும் தினமும் பதினைந்து நிமிஷம் வாசிக்கிறேன். கீபோர்டில் அந்தக் கனம் இல்லை, அந்தத் தந்தி அடங்குவது இல்லை. ஆனாலும் இடது கை இப்போதெல்லாம் சத்தம் போடுவதில்லை. ஆபீஸில் இன்கிரிமென்ட் வரவில்லை, கல்யாணம் ஆகவில்லை, ஹெட்கிளார்க் மச்சான் கதையை விடவில்லை. பியானோ கற்றுக்கொண்டதால் என்ன லாபம் என்று கேட்டால், லெட்ஜரில் எழுதுகிற மாதிரி ஒன்றும் இல்லை. ஒரு நாளில் இரண்டு நிமிஷம், யாரும் கேட்காத, யாரும் கையெழுத்துப் போட்டு வாங்காத ஒரு வேலையை ஒழுங்காகச் செய்கிறேன். அவ்வளவுதான்.

போன வாரம் ராத்திரி வாசித்துக்கொண்டிருந்தேன். அம்மா அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இருபத்துமூன்றாவது பார் வந்தது. நிறுத்தினேன். எண்ணவில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுப்படியில் தண்ணீர்ச் சத்தமும் நின்றது.

"ஏன்டா நிறுத்திட்ட?" என்றாள் அம்மா. "இன்னும் மூணு இருக்கே!"